உள்ளிருந்து திறக்கும் பூட்டு

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் என்ன நற்செய்தி வாசகம் வரப்போகிறது என்று முன்பே தெரிந்திருந்தால், பூட்டுக்காரர் தலைவலி என்று சொல்லிப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பார். தெரியாததால் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு, மனைவியோடு கோயிலுக்குப் போய், வழக்கம்போல இடப்பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்தார். வசமாக மாட்டிக்கொண்டார்.

ஒரு பெண்ணும் ஏழு சகோதரர்களும் வருகிற பகுதி அது. மூத்தவன் அவளைக் கட்டிக்கொண்டு செத்துப்போகிறான். அந்தக் காலத்து முறைப்படி அடுத்த தம்பி அவளைக் கட்டிக்கொள்கிறான். அவனும் போய்ச் சேருகிறான். இப்படியே ஏழு பேர். கடைசியில் அவளும் கண்ணை மூடுகிறாள். எல்லோரும் உயிர்த்தெழும் நாளில் இவள் யாருக்கு மனைவி என்று, ஆண்டவரை மடக்கிவிட நினைத்தவர்கள் கேட்கிறார்கள்.

பின்பெஞ்சில் யாரோ இருமினார்கள். இருமலில் பல வகை உண்டு. அது சளி இருமல் அல்ல. பூட்டுக்காரரின் காது மடல் சூடாயிற்று. அவர் தம் மனைவிக்கு இரண்டாவது கணவர். கோயிலில் அது தெரியாதவர்கள் ஞானஸ்நானத்துக்கு வந்திருந்த கைக்குழந்தைகள் மட்டுந்தான்.

ஆண்டவர் சொன்ன பதிலாவது கைகொடுக்கும் என்று பார்த்தார். அந்த உலகத்தில் கல்யாணம் என்ற பேச்சே கிடையாதாம். எல்லோரும் வானதூதர்களைப் போல இருப்பார்களாம்.

‘அப்படியானால் மேலே போனதும் நான் இவளுக்கு யார்?’ என்று பூட்டுக்காரர் நினைத்தார். நினைத்தது நெஞ்சில் முள்ளாக நின்றுவிட்டது.

ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தார். அவள் கைக்குட்டையை நாலாக மடித்து, பிறகு எட்டாக மடித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு மருத்துவமனையில் துணி அறையில் வேலை. படுக்கை விரிப்பு, போர்வை, டாக்டர்களின் அங்கி எல்லாம் சலவையிலிருந்து வந்ததும் அவள் கையில் மடிந்துதான் அலமாரிக்குப் போகும். கையில் துணி கிடைத்தால் போதும், தானாக மடியும். முகத்திலிருந்து ஒன்றும் தெரியவில்லை. பூட்டு என்றால் காதை வைத்துக் கேட்டே உள்ளே எது சிக்கியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். மனைவி விஷயத்தில் பதினொரு வருடமாகியும் அந்த வித்தை கைவரவில்லை.

முதல் கணவர் பஸ் ஓட்டுநராக இருந்தவர். அதோடு கோயில் பாடகர் குழுவில் முதல் குரல் அவருடையது. அவர் பாடினால் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்று இன்றைக்கும் சொல்வார்கள். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால், பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, கைப்பிரேக்கையும் போட்டுவிட்டு, ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்தவர் எழுந்திருக்கவில்லை. வண்டியில் இருந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. அப்படிப்பட்ட மனிதர். குறை சொல்வதற்கென்று தேடினாலும் கிடைக்காது. இறந்துபோன ஒருவரிடம் இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது என்று பூட்டுக்காரருக்குச் சில சமயம் தோன்றும்.

எட்டு வருடம் அவள் தனியாக மகளை வளர்த்தாள். ஒருநாள் துணி அறை பீரோ பூட்டிக்கொண்டு திறக்க மாட்டேன் என்றது. திறக்கப் போனவருக்கு அப்போது ஐம்பத்தொரு வயது, கல்யாணமாகாதவர். பூட்டு இரண்டே நிமிடத்தில் திறந்துகொண்டது. ஆனாலும் அவர் இன்னும் கால் மணி நேரம் அதோடு மல்லுக்கட்டுகிற மாதிரி பாவனை செய்தார். தொழிலில் அவர் செய்த ஒரே மோசடி அதுதான். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பும் வாங்கியாகிவிட்டது.

மகள் முதல் நாளே அவரைச் ‘சித்தப்பா’ என்று கூப்பிட்டாள். அம்மாவை இரண்டாவதாகக் கட்டியவரை அப்படிக் கூப்பிடுவதுதானே வழக்கம். ஆனால் பூட்டுக்காரர் அதை மனதுக்குள் வைத்துப் பார்த்தார். நான் இவளுக்குச் சித்தப்பா என்றால் இவள் அப்பா எனக்கு அண்ணன். கூடப்பிறந்தவர் ஒருவரும் இல்லாமல் வளர்ந்தவருக்கு, ஐம்பத்தொரு வயதில், கல்லறையில் ஓர் அண்ணன் கிடைத்தார்.

பூசை முடிவில் பங்குத்தந்தை அறிவிப்பு வாசித்தார். கல்லறைத் தோட்டத்தில் இடம் நெருக்கமாகிவிட்டது. ஒவ்வொரு குடும்பமும் யாருக்கு எந்த இடம், யாருக்குப் பக்கத்தில் என்று படிவத்தில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒரே குடும்பத்தார் மட்டுமே ஒரு கல்லறையைப் பகிர்ந்துகொள்ளலாம்.

வாசலில் கல்லறைக் காவலர் கட்டாகப் படிவங்களை வைத்துக்கொண்டு நின்றார். அவருக்குப் ‘பொறுமை’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அடக்கத்தின்போது கூட்டம் முண்டியடித்தால், “பொறுமை, பொறுமை, எல்லாருக்கும் இடம் இருக்கு” என்று குரல் கொடுப்பார். இப்போது அந்த வாக்குக்கே ஆபத்து வந்துவிட்டதில் முகம் வாடியிருந்தது.

“இந்தாங்க இராயப்பரே. வீட்டுக்கு ஒண்ணு” என்றார். விண்ணகத்தின் சாவி புனித இராயப்பரிடம், இந்தத் தெருக்களின் சாவி பூட்டுக்காரரிடம் என்பதால் அவருக்கு அந்தப் பட்டப்பெயர்.

பூட்டுக்காரர், மனைவி முன்னால் போகும்வரை செருப்பைத் தேடுகிற சாக்கில் நின்றார். “எனக்குத் தனியா இன்னொண்ணு குடுப்பா.”

“எதுக்கு? அங்க போயும் தனிக்குடித்தனமா?”

“எழுதும்போது அடிச்சுத் திருத்தினா அசிங்கமா இருக்கும்ல. அதுக்கு.”

“அதுவும் சரிதான். மேல கதவு சிக்கிக்கிட்டா உங்களைத்தான் கூப்பிடுவாங்க. நல்ல இடமாப் பார்த்து எழுதுங்க.”

ஓட்டுநரின் கல்லறை இரட்டைக் கல்லறை. இரும்புக் கம்பி வேலி, அதற்கு ஒரு சின்னக் கதவு, கதவில் ஒரு பூட்டு. கல்லின் இடது பாதியில் ஓட்டுநரின் பெயர். வலது பாதி வழுவழுவென்று வெறுமையாக இருந்தது. அது யாருக்கு என்று கல்லே சொன்னது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி படிவத்தை ஒருமுறை படித்தாள். நாலாக மடித்துத் தன் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினாள். பெட்டி கட்டிலுக்கு அடியில் போனது.

கேட்டுவிடலாம் என்று பூட்டுக்காரர் மூன்று முறை வாயைத் திறந்தார். முதல் முறை, “டீ இருக்கா?” என்று வந்தது. இரண்டாம் முறை, “மழை வருமோ?” என்று வந்தது. மூன்றாம் முறை ஒன்றும் வரவில்லை. “என்ன, வாயைத் திறந்து திறந்து மூடுறீங்க? பல்லு வலியா?” என்று அவள் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தார். அன்று முழுவதும் கிராம்பை மென்றுகொண்டிருக்க வேண்டியதாயிற்று.

செவ்வாய்க்கிழமை அவள் வேலைக்குக் கிளம்பும்போது, “உங்க அளவு டேப்பைக் குடுங்க” என்றாள்.

“எதுக்கு?”

“அளக்கத்தான்.”

மாலையில் டேப் திரும்பி வந்தது. இழுத்துப் பார்த்தார். நுனியில் செம்மண். மருத்துவமனைத் துணி அறையில் ஏது மண்? கல்லறைத் தோட்டத்தில்தான் அந்த மண் இருக்கிறது. வலது பாதியை அளந்துவிட்டு வந்திருக்கிறாள். தன் இடத்தைத்தான்.

அதில் என்ன தப்பு என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். முதலில் வந்தவர் ஓட்டுநர். ஆனாலும் டேப்பின் நுனியிலிருந்த மண்ணை இரண்டு முறை துடைத்தார்.

அவருடைய கவலை வெறும் மண்ணைப் பற்றியது அல்ல. பூட்டுக்காரர் விண்ணகத்தை நம்புகிறவர். வெளியூர்ப் பயணம் போகிறவர் மாதிரி, அங்கே போய் இறங்கினால் யார் வந்து அழைத்துப்போவார்கள் என்கிற அளவுக்கு விவரமாக நம்புகிறவர். அங்கே அவருக்கென்று இருப்பது அம்மா ஒருத்திதான். அவளும் ‘ஏன்டா இவ்வளவு நேரம்’ என்று திட்டுவதற்காகவே காத்திருப்பாள். தொழில் என்று பார்த்தாலும் நிலைமை சரியில்லை. தச்சர்களுக்கு அங்கே கவலையில்லை, ஆண்டவர் தொழில். மீனவர்களுக்குப் புனித இராயப்பரே சொந்தத் தொழில்காரர், மேல்மட்டம்வரை செல்வாக்கு. பாட்டுக்காரர்களுக்கோ போய்ச் சேர்ந்த நிமிடத்திலிருந்து நிரந்தர வேலை. ஓட்டுநர் இந்நேரம் முதல் வரிசையில் நின்றுகொண்டிருப்பார். திருட்டே இல்லாத ஊரில் பூட்டுக்காரருக்கு என்ன வேலை? வேலையும் இல்லாமல், மனைவியும் இல்லாமல், முடிவே இல்லாத காலம் முழுவதும் ஓர் ஓரமாக நிற்க வேண்டியதுதான்.

புதன்கிழமை மதியம் கடைக்கு ஓர் ஆள் வந்தான். அண்ணன் ஊரில் இல்லை, அவருடைய அலமாரியைத் திறக்க வேண்டும், அவசரம் என்றான்.

“உடையவர் பக்கத்துல நிக்கணும் தம்பி. அவர் வந்ததும் கூப்பிடு, ஓடி வர்றேன்” என்றார் பூட்டுக்காரர்.

“சொந்த அண்ணன்தாங்க.”

“சொந்த அண்ணனா இருந்தா போன் போட்டுக் கேட்டுட்டு வா.”

முப்பத்தேழு வருடமாக அவர் மீறாத ஒரே சட்டம் அது. உடையவர் முன்னால் நிற்காமல் எந்தப் பூட்டிலும் கைவைக்க மாட்டார்.

அப்படிச் சொல்லி அனுப்பிவிட்டு, கடையைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வந்தவர், மனைவி இல்லாத வீட்டில், கட்டிலுக்கு அடியிலிருந்து தகரப்பெட்டியை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

அவரே மாட்டிக் கொடுத்த பூட்டு. சாவி வேண்டாம், அவளுடைய கொண்டை ஊசி ஒன்று போதும். மேசைமேல் ஓர் ஊசி கிடந்தது. எடுத்தார். நுனியை வளைத்தார். பூட்டின் வாயில் வைத்தார். ஒரு மூச்சு இழுத்துவிடுகிற நேரந்தான். உள்ளே அவள் எழுதியிருப்பது தெரிந்துவிடும்.

சுவரில் ஆண்டவரின் பாடுபட்ட சிலுவைச் சுரூபம் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார், முடியவில்லை.

“சரி, சரி” என்று சொல்லிவிட்டு ஊசியை நிமிர்த்தி, இருந்த இடத்திலேயே வைத்தார். பெட்டியைத் தள்ளினார். பிறகு தூசியில் இழுத்த தடம் தெரிகிறதே என்று தரை முழுவதையும் பெருக்கினார்.

தப்பித்துவிட்டோம் என்று அவர் நினைத்தார். ஆனால் உண்மையான தவறு அதற்குப் பிறகுதான் நடந்தது. பூட்டைத் திறக்கவில்லையே தவிர, உள்ளே என்ன இருக்கிறது என்று தாமே முடிவு கட்டிவிட்டார்.

வியாழக்கிழமை காலை எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். மாதத்துக்கு ஒருமுறை போவது வழக்கம். கல்யாணமான புதிதில் ஓட்டுநரின் கம்பிக் கதவுப் பூட்டு துருப்பிடித்துக் கிடந்ததைப் பார்த்தார். பூட்டுக்காரன் வீட்டுக் கல்லறையில் துருப்பிடித்த பூட்டா என்று மானப் பிரச்சினையாகத்தான் முதலில் எண்ணெய் விட்டார். எண்ணெய் விடும்போது சும்மா இருப்பது எப்படி என்று இரண்டு வார்த்தை பேசினார். பதினொரு வருடத்தில் இரண்டு வார்த்தை வளர்ந்துவிட்டது.

“அண்ணே, நான்தான்” என்று கதவைத் திறந்துகொண்டு உள்ளே போய்க் கல்லின் ஓரத்தில் உட்கார்ந்தார். “மக போன் பண்ணினா. மாப்பிள்ளைக்கு வேலை மாத்தியாச்சாம், சந்தோஷமா இருக்கா. இவளுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. மாத்திரையைத் துப்பிடுறா, நான் பக்கத்துலயே நின்னு முழுங்க வைக்கிறேன். உங்க காலத்துலயும் இப்படித்தானா? ஒரு வார்த்தை எழுதி வச்சிட்டுப் போயிருக்கலாம்ல?”

காற்றில் இலை அசைந்தது. அவர் படிவத்தை எடுத்தார்.

“நான் உங்களோட போட்டிக்கு வரலைண்ணே. இடம் உங்களது. இவ வாய்விட்டுச் சொல்லச் சங்கடப்படுறா. நானே எழுதிக் குடுத்துட்டா அவளுக்கு மனசு லேசாயிடும்.”

அண்ணனின் கல்லையே மேசையாக வைத்து எழுதினார். மனைவி பெயருக்கு நேரே, ‘யாருக்குப் பக்கத்தில்’ என்ற இடத்தில் ஓட்டுநரின் பெயர். உறவுமுறை: மனைவி. பிறகு தம் பெயர். இடம்: வாசல் பக்கம், மதில் ஓரம். யாருக்குப் பக்கத்தில்: யாருமில்லை. உறவுமுறை என்ற கட்டத்தில் பேனா நின்றது. கடைசியில் ஒரு கோடு போட்டார். கோடு நேராக வரவில்லை.

தோட்டத்து வாசலிலேயே பொறுமையின் கையில் கொடுத்துவிட்டார். நல்ல காரியம் செய்தவர்களுக்கு நெஞ்சு நிறையும் என்பார்கள். அவருக்கு நிறையவில்லை. பல் உண்மையாகவே வலிப்பதுபோல் இருந்தது.

சனிக்கிழமை காலை பங்குத்தந்தையிடமிருந்து ஆள் வந்தது, இரண்டு பேரும் வரவேண்டும் என்று.

பங்குத்தந்தை சின்ன வயசுக்காரர். இந்தப் பங்குக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மேசைமேல் இரண்டு படிவங்களை அடுத்தடுத்து வைத்திருந்தார். பொறுமை பக்கத்தில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, தான் இங்கே இல்லை என்பதுபோல் நின்றார்.

“ஒரே குடும்பத்துல இருந்து ரெண்டு படிவம் வந்திருக்கு. ஒண்ணுக்கொண்ணு ஒத்துவரலை. எதை வச்சுக்கணும்னு நீங்கதான் சொல்லணும்” என்றார் பங்குத்தந்தை.

மனைவி கணவரைப் பார்த்தாள். பிறகு மேசைமேல் குனிந்து தெரிந்த கையெழுத்தைப் படித்தாள். கடைசிக் கட்டம்வரை படித்தாள். அந்தக் கோணல் கோட்டின்மேல் விரல் நின்றது.

“இது என்னங்க?”

“அது வந்து...”

“என்னை எங்க வைக்கணும்னு நீங்களே எழுதிக் குடுத்துட்டீங்க. நான் என்ன பீரோவா?”

“உனக்குச் சங்கடம் வேண்டாம்னுதான்மா...”

“என் சங்கடம் என்னன்னு என்கிட்ட கேட்டீங்களா?”

“நீ படிவத்தைப் பெட்டியில வச்சுப் பூட்டிட்டே.”

“பூட்டினேன். கரண்ட் பில்லையும்தான் பூட்டி வச்சிருக்கேன். பழைய கையுறை ஒத்தையையும் பூட்டி வச்சிருக்கேன். சாவி காலண்டர் ஆணியில தொங்குது. ஊருக்கே பூட்டைத் திறந்து விடுற மனுஷனுக்கு, ‘அந்தச் சாவியைக் கொஞ்சம் குடு’ன்னு கேக்க வாய் வரலையா?”

பூட்டுக்காரர் தலை குனிந்தார். காலண்டர் ஆணி! கொண்டை ஊசியைத் தேடிய கண்ணில் அது படவேயில்லை.

“அம்மா, உங்க படிவத்தைப் பத்தியும் கேக்கணும்” என்று பங்குத்தந்தை மெல்ல நடுவில் புகுந்தார். “ரெண்டு பேருக்கான கல்லறையில மூணு பேர் எழுதியிருக்கீங்க.”

பூட்டுக்காரர் நிமிர்ந்தார்.

“மூணு பேர்தான் ஃபாதர். அவங்க ஏற்கனவே இருக்காங்க. நாங்க ரெண்டு பேரும்.”

“இடம்?”

“அளந்துட்டேன். அவங்க இடது ஓரத்துல இருக்காங்க. கல்லு சும்மா அகலமா போட்டிருக்காங்க, அடியில மூணு பேர் தாராளமா படுக்கலாம். மூணு போர்வையை ரெண்டு போர்வை இடத்துல அடுக்க எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருஷமா வேற என்ன வேலை பார்த்தேன்?”

பங்குத்தந்தை பொறுமையைப் பார்த்தார். பொறுமை தொண்டையைச் செருமிக்கொண்டார். “அளவு சரியாத்தான் ஃபாதர் இருக்கு. செவ்வாய்க்கிழமை டேப்போட ஒரு முனையை நான்தான் பிடிச்சேன்.”

“அப்படீன்னா நீ ஏன்யா வியாழக்கிழமை என்கிட்ட ஒண்ணும் சொல்லலை?” என்றார் பூட்டுக்காரர்.

“நீங்க மடிச்சுல்ல குடுத்தீங்க! அடுத்தவங்க படிவத்தை நான் பிரிச்சுப் பார்ப்பேனா? உங்ககிட்ட கத்துக்கிட்டதுதான் அது.”

பங்குத்தந்தை சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போனார். “இடம் சரி. ஆனா விதின்னு ஒண்ணு இருக்கே. ஒரே குடும்பத்தார் மட்டும்தான். இவர் உங்களுக்குக் கணவர். ஆனா கல்லறையில இருக்கிறவருக்கு இவர் என்ன உறவு? நீங்க ‘தம்பி’ன்னு எழுதியிருக்கீங்க. அவருக்குக் கூடப்பிறந்தவங்க கிடையாதுன்னு பங்குப் பதிவேட்டுல இருக்கே அம்மா?”

ஞாயிற்றுக்கிழமை நெஞ்சில் நின்ற முள் இப்போது மேசைமேல் வெள்ளைத்தாளில் கிடந்தது. இவர் என்ன உறவு?

“என் பொண்ணு இவரைச் சித்தப்பான்னு கூப்பிடுறா” என்றாள் மனைவி. “பதினொரு வருஷமா கூப்பிடுறா. அவளோட அப்பாவுக்கு அவளோட சித்தப்பா தம்பி இல்லாம வேற யாரு ஃபாதர்?”

பங்குத்தந்தை அந்தக் கட்டத்தை இன்னொரு தரம் படித்தார்.

“முறை சரியாத்தான் இருக்கு ஃபாதர்” என்றார் பொறுமை.

“பேச்சுக்குச் சரி. ஆனா இவர் ஒருதரமாவது அவரை அப்படி நினைச்சிருக்கணுமே” என்றார் பங்குத்தந்தை.

அவள் கணவர் பக்கம் திரும்பவில்லை. கையில் கைக்குட்டை மடிய ஆரம்பித்தது.

“ஆறு வருஷத்துக்கு முன்னாடி எனக்குக் காய்ச்சல் வந்து மூணு நாள் ஒண்ணும் சாப்பிடலை. நாலாவது நாள்தான் ரெண்டு வாய் கஞ்சி குடிச்சேன். இவர் உடனே எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார், கண்ணாடியை மறந்துட்டு. தடுமாறி விழுந்துடப்போறாரேன்னு நான் மெதுவா பின்னாலயே கொண்டுபோனேன். அந்தக் கம்பிக் கதவுகிட்ட நிக்கிறேன். இவர் உள்ள உக்காந்து பேசிட்டிருக்கார். ‘அண்ணே, இன்னைக்கு ரெண்டு வாய் சாப்பிட்டா. இனிமே பயமில்லை. நீங்க கவலைப்படாதீங்க’ன்னு சொல்லிட்டிருக்கார்.”

கைக்குட்டை அதற்குமேல் மடிய இடமில்லாமல் நின்றது.

“நான் கண்ணாடியைக் குடுக்காமலே திரும்பி வந்துட்டேன். இந்தப் படிவத்தை நீங்க போன ஞாயித்துக்கிழமைதான் குடுத்தீங்க ஃபாதர். நான் அந்தக் கம்பிக் கதவுகிட்ட நின்ன அன்னைக்கே மனசுல எழுதி முடிச்சுட்டேன்.”

பூட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பி, அங்கே இருந்த தாழ்ப்பாளை ரொம்ப அக்கறையாகப் பார்த்தார். நல்ல தாழ்ப்பாள்தான். அதில் பார்க்க ஒன்றும் இல்லை.

பங்குத்தந்தை பேனாவை எடுத்தார். “அந்தக் கதையில ஏழு பேர் இருந்தாங்க. உங்களுக்கு ரெண்டு பேர்தான். நான் சமாளிச்சுக்குவேன்” என்று சொல்லி அவள் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். மற்றதைப் பூட்டுக்காரரிடம் நீட்டினார். “இதை என்ன பண்றது?”

அவர் வாங்குவதற்குள் மனைவி வாங்கினாள். மடித்தாள். “இதுவும் என் பெட்டிக்குத்தான்” என்றாள். “இனிமே ஏதாவது நீங்களா முடிவு பண்ணினா எடுத்துக் காட்டுறதுக்கு.”

வெளியே வந்து கோயில் படிகளில் இறங்கும்போது பூட்டுக்காரர் கடைசியில் கேட்டுவிட்டார். டீயும் மழையும் குறுக்கே வரவில்லை.

“அங்க கல்யாணம் கிடையாதுன்னு ஆண்டவரே சொல்லிட்டாரே. அப்புறம் நான் உனக்கு யாரு?”

“கல்யாணம் கிடையாதுன்னுதானே சொன்னார். தெரிஞ்சவங்களைப் பார்த்தா மூஞ்சியைத் திருப்பிக்கணும்னு சொன்னாரா?” அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அடுத்த படியில் இறங்கினாள். அவர் கை கொடுத்தார். “நீங்களும் அவங்களும் ஒரு ஓரமா உக்காந்து, நான் மாத்திரை முழுங்காத கதையைப் பேசிட்டிருப்பீங்க. நான் நிம்மதியா காலை நீட்டிக்குவேன்.”

“எனக்கு அங்க வேலை இருக்காது. பூட்டே இல்லாத ஊரு.”

“இல்லேன்னா லீவுன்னு நினைச்சுக்கோங்க. பதினொரு வருஷத்துல ஒரு நாள் கடையைச் சாத்திட்டு என்கூட இருந்திருக்கீங்களா?”

புதன்கிழமை மதியம் ஒருநாள் சாத்தினேன் என்று சொல்ல வாயெடுத்தார். கொண்டை ஊசி ஞாபகம் வந்தது. பிறகு அதையும் சொல்லிவிட்டார். அவள் படியில் நின்று, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். “அதான் அன்னைக்கு வீடு அவ்வளவு சுத்தமா இருந்துச்சா!”

அடுத்த வாரம் இரண்டு பேரும் கல்லறைத் தோட்டத்துக்குச் சேர்ந்தே போனார்கள். பூட்டுக்காரர் பழைய பூட்டைக் கழற்றி, மூன்று நாள் உட்கார்ந்து செய்த புதிய தாழ்ப்பாள் ஒன்றைக் கம்பிக் கதவில் பொருத்தினார். வெளியிலிருந்து திறக்கச் சாவி வேண்டும். உள்ளிருந்து திறக்க ஒன்றும் வேண்டாம். ஒரு விரல் வைத்து லேசாகத் தள்ளினால் போதும்.

பொறுமை வந்து குனிந்து பார்த்தார். “என்ன இராயப்பரே, பூட்டை உள்பக்கம் திறக்கிற மாதிரி வச்சிருக்கீங்க? உள்ளேயிருந்து யாரு வரப்போறா?”

“வரத்தானே போறோம்” என்றார் பூட்டுக்காரர். “எல்லாரும் உயிர்த்தெழுற அன்னைக்குச் சாவியைத் தேடிக்கிட்டு நிக்க முடியுமா?”

பொறுமை உள்ளே வந்து கதவைச் சாத்தினார். விரலால் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். கதவு சத்தமில்லாமல் திறந்தது. பிறகு சுற்றிலும் இருந்த மற்ற கம்பிக் கதவுகளைப் பார்த்தார். தோட்டத்தில் அவை முப்பதுக்கு மேல் இருக்கும்.

“எல்லாத்துக்கும் இப்படிப் போட முடியுமா?”

“போடலாம். மாசத்துக்கு ரெண்டு. அவசரமில்லையே?”

“பொறுமையா செய்யுங்க” என்று சொல்லிவிட்டு அவர் போனார். முகத்தில் பழைய களை திரும்பியிருந்தது.

மனைவி ஈரத்துணியால் கல்லைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடது பாதியைத் துடைத்து, வெறுமையான வலது பாதியையும் அதே அக்கறையோடு துடைத்தாள். பூட்டுக்காரர் எண்ணெய்க் குப்பியை மூடிவிட்டுப் பக்கத்தில் குந்தினார். இத்தனை நாள் தனியாகப் பேசிய பேச்சு; அவள் இருக்கும்போது எப்படிப் பேசுவது என்று கொஞ்சம் கூச்சமாக இருந்தது. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தானே ஆகவேண்டும்.

“அண்ணே” என்றார். “ஏற்பாடு ஆயிடுச்சு. நேரம் வரும்போது கொஞ்சம் தள்ளிப் படுத்துக்கோங்க.”

“முப்பது வருஷம் பஸ் ஓட்டினவங்களுக்கு ஒதுங்கி இடம் விட நீங்க சொல்லித் தரணுமா?” என்றாள் மனைவி, துணியைப் பிழிந்து மடித்துக்கொண்டே.